தங்கேஸ்வரி தைத்த அழைப்பிதழ்

ஒஸ்லோவின் புருசெத் நிலையத்தில் தெபானே என்ற நகர ரயிலை விட்டு இறங்கி, கடைத்தொகுதியைத் தாண்டி மேலே ஏறினால் ஒரே முகச்சாயலில் அடுக்குமாடிகள் நிற்கும். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் அது தங்கேஸ்வரி வீடு. நான் அவளுக்கு நேர் கீழே குடியிருக்கிறேன். வேறு யாராவது தலைக்கு மேலே அப்படிக் கடகடவென்று ஓட்டினால் எப்போதோ முறைப்பாடு போட்டிருப்பேன். என்னுடைய சாறிச் சட்டைகள் அத்தனையும் அவள் தைத்தவை என்பதால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஒஸ்லோவில் சட்டை தைப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. பார்க்க அழகாகத்தான் தைப்பார்கள். கலியாண வீட்டில் கையை உயர்த்தி ஆளைக் கூப்பிட்டால் அக்குள் பிரிந்துவிடும். தங்கேஸ்வரி தைத்தது பிரியாது. ஓட்டிய தையலுக்கு மேலே இன்னொரு தையல் ஓட்டுவாள். சட்டையை ஒரு சுற்றுப் பெருப்பிக்க வேண்டும் என்றால் அவளே உட்கார்ந்து அரை மணித்தியாலம் பிரிக்க வேண்டியிருக்கும். “சட்டைக்கு எதுக்கடி இவ்வளவு?” என்று ஒருமுறை கேட்டேன்.

“கை அப்பிடிப் பழகிப் போச்சு அக்கா. மண் பையில ஒரு தையல் விட்டுப் போச்செண்டால் மண் முழுக்கக் கொட்டுண்டு போடும்” என்றாள்.

நான் எண்பத்தேழில் நோர்வேக்கு வந்தவள். எனக்குத் தெரிந்த போர் வேறு. கடைசிப் போரை நாங்கள் இங்கே தொலைக்காட்சியில் பார்த்தோம், நாடாளுமன்றத்துக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினோம், பிறகு வேலைக்கு நேரமாகிறது என்று போனோம். தங்கேஸ்வரி அதற்குள்ளே இருந்தவள். எங்களோடு ஒரே தமிழ் பேசினாலும் அவள் வேறு நாட்டிலிருந்து வந்தவள் மாதிரித்தான் சில வேளை எனக்குத் தோன்றும்.

அவளுக்கு ஊர் வன்னியில் விசுவமடு. கணவர் ஜெயரத்தினம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். இரண்டாயிரத்து எட்டில் மேற்கேயிருந்து சனம் இடம்பெயர்ந்து வந்துகொண்டே இருந்தது. அடுத்த தை மாதம் விசுவமடுவும் எழும்பி நடந்தது. கூரைத் தகரத்தைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றியவர்கள், இரண்டு இடம் மாறியதும் தகரத்தை விட்டார்கள். இன்னும் இரண்டு இடம் மாறியதும் பானை சட்டியை விட்டார்கள். தங்கேஸ்வரி தன் கை மெஷினை விடவில்லை. ஜெயரத்தினம் அதைச் சைக்கிள் கரியரில் கட்டி உருட்டிக்கொண்டு நடந்தார். ஒன்பது வயது மகள் தக்ஷாயினி பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

போகிற இடமெல்லாம் முதல் வேலை பதுங்குகுழி வெட்டுவது. கடற்கரையை நெருங்க நெருங்க நிலம் வெறும் மணல். வெட்டிய குழி அடுத்த நிமிடமே சரியும். சுவருக்கு மண் மூட்டை அடுக்க வேண்டும், அதற்குப் பை வேண்டும். உரப்பைகள் முடிந்த பிறகு பெண்கள் தங்கள் சாறிகளைக் கொண்டுவந்தார்கள். பட்டு, நைலெக்ஸ், கோயிலுக்கு என்று எடுத்து வைத்தது, தாய் கொடுத்தது, எல்லாம் வந்தது. தங்கேஸ்வரி ஒரு தறப்பாளின் கீழ் உட்கார்ந்து தைத்தாள். ஷெல் விழும்போது குழிக்குள் இறங்குவாள், நின்றதும் ஏறித் தைப்பாள். நூல் முடிந்தபோது உரப்பைகளின் வாய்த்தையலைப் பிரித்து அந்த நூலில் தைத்தாள். அந்த நாட்களில் மாத்தளன் கடற்கரை கலியாண வீடு மாதிரி நிறம் நிறமாக இருந்தது என்பாள். அதைச் சொல்லும்போது சிரிக்கமாட்டாள்.

வைகாசி நடுவில் எல்லாம் முடிந்தது. வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தவர்களிடம் இராணுவம் ஒலிபெருக்கியில் சொன்னது: ஒரு நாளாவது இயக்கத்துக்கு வேலை செய்திருந்தால் தனியே வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம். சங்கக்கடைக்காரர் அரிசி மூட்டை இறக்கிக் கொடுத்திருக்கிறார், எல்லைக்குக் காவலரண் வெட்டப் போயிருக்கிறார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். தங்கேஸ்வரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவரோடு பேருந்து வரைக்கும் நடந்தாள். ஒரு சிப்பாயிடம் ஆளை ஒப்படைத்தாள். அவர் யன்னலோரம் இருந்து கையைக் காட்டினார். அதன் பிறகு அவரைப் பற்றி யாரும் அவளுக்கு ஒரு சொல் சொல்லவில்லை.

மூன்று வருடங்களின் பின் மகளோடு இங்கே வந்து தஞ்சம் கேட்டாள். கணவர் இறந்துவிட்டாரா என்று அதிகாரி கேட்டபோது, “இல்லை. ஒப்படைக்கப்பட்டவர்” என்றாளாம். மொழிபெயர்ப்பாளர் அந்தச் சொல்லுக்கு நோர்வே மொழியில் தடுமாறிப் போனாராம். பகலில் ஒரு சிறுவர் பள்ளியின் சமையலறை, மாலையில் தையல், இப்படியே மகளைத் தாதியாகப் படிப்பித்தாள். நோர்வே கடவுச்சீட்டு கிடைத்த வருடம் கோடை விடுமுறைக்கு நாங்களெல்லாம் ஸ்பெயினுக்குப் போனோம். இவள் கிளிநொச்சிக்குப் போய், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் வீதியோரம் போட்டிருந்த கொட்டகையில் இருந்துவிட்டு வந்தாள். கறுத்துப்போய் வந்தவளைப் பார்த்து, “நீயும் கடற்கரைக்கோ போனனி?” என்று கேட்ட என் நாக்கை என்ன செய்வது?

ஒவ்வொரு வருடமும் மே பதினேழாம் திகதி நோர்வேக்காரர் தங்கள் தேசிய நாளுக்குக் கொடியோடு ஊர்வலம் போவார்கள். மறுநாள் நாங்கள் கூடி, முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றுவோம். வலைஞர்மடத்தில் ஷெல் பட்டுச் செத்த தன் தாய்க்குத் தங்கேஸ்வரி விளக்கேற்றுவாள். ஜெயரத்தினத்துக்கு ஏற்றமாட்டாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலிக்கொடி, அப்படியே இருக்கும். அவளுக்குச் சாவு விளங்காது என்று சிலர் கதைத்தார்கள். தாயின் உடலைத் தன் கையால் மணலில் புதைத்தவளுக்கா சாவு விளங்காது? எனக்கு அந்தக் கதையைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருடம் தக்ஷாயினிக்குக் கலியாணம் சரிவந்தது. பிள்ளைகள் தாங்களே பார்த்துப் பிடித்துக்கொண்டதுதான். மாப்பிள்ளை லதீசன், பக்கத்து நகரமான திராமனில் இருக்கும் இராசதுரையின் ஒரே மகன். இராசதுரை எண்பத்தாறில் வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் விரல் விறைக்க வேலை செய்து, திராமனில் வீடு வாங்கி, கோயில் சபையிலும் ஒரு கதிரை பிடித்தவர். கெட்ட மனிதர் இல்லை. எல்லாவற்றையும் முறைப்படி செய்தால் உலகத்தில் ஒரு குறையும் வராது என்று நம்புகிறவர். கூறைச்சாறியை மணவறையில் வைத்துத்தான் கொடுப்பது வழக்கம் என்பதால், அதிலிருந்து சட்டைத் துணியை மட்டும் வெட்டி முன்னதாகவே அனுப்பியிருந்தார். நல்ல அரக்குச் சிவப்பு, தங்கச் சரிகை.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வெளியே முழங்கால் வரை பனி. நான் சட்டைக்கு அளவு கொடுக்க மேலே போயிருந்தேன். இராசதுரையும் மனைவி சகுந்தலாவும் ஒரு பெட்டியோடு வந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான அழைப்பிதழ், அச்சாகி வந்துவிட்டது, செலவு முழுக்க மாப்பிள்ளை வீட்டாருடையது. சகுந்தலா ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். பொன் எழுத்து. தங்கேஸ்வரி நின்றபடியே வாசித்தாள். ‘காலஞ்சென்ற திரு. ஜெயரத்தினம், திருமதி தங்கேஸ்வரி தம்பதியரின் செல்வப் புதல்வி’ என்று இருந்தது.

எங்கள் ஆட்களுக்கு இது யோசிக்காமலே வந்து விழுகிற சொல். ஆள் இத்தனை வருடம் கண்ணில் படவில்லை என்றால் எதைப் போட வேண்டும் என்று அச்சடிக்கிறவருக்கே தெரிந்துவிடும்.

“அண்ணை, இவர் செத்தவர் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டாள் தங்கேஸ்வரி.

இராசதுரை தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். “தங்கச்சி, கோவிக்கப்படாது. பதினாறு வருசமாச்சு. உயிரோட இருந்தால் ஒரு சேதி வராதே? ஐயரும் கேட்டவர், தாரை வாக்கிறது ஆர் எண்டு. புருசன் பெண்சாதியா நிண்டு செய்யிற விசயம். நீங்கள் அந்தியேட்டியை ஒருக்காச் செய்து முடிச்சுப் போட்டால், கனடாவில இருந்து உங்கட அண்ணர் நல்லசிவமும் மனுசியும் வந்து நிண்டு தாரை வாக்கலாம். நீங்கள் முன் வரிசையிலயே இருந்து பாக்கலாம். பிள்ளையின்ர வாழ்க்கை. ஒரு குறையில்லாமல் துவங்க வேணுமெல்லே?”

அதாவது இறந்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கைச் செய்து, கணவர் இறந்துவிட்டார் என்று அவள் ஒத்துக்கொள்ள வேண்டும். பொட்டை அழித்துவிட்டு, மகளின் கையை இன்னொருவர் பிடித்துக் கொடுப்பதைக் கதிரையில் இருந்து பார்க்க வேண்டும். மாட்டேன் என்றால் இந்தக் கலியாணம் நடக்குமோ நடக்காதோ. இதை இராசதுரை மிரட்டலாகச் சொல்லவில்லை. சொல்லாமலே அறைக்குள் அது வந்து உட்கார்ந்துவிட்டது.

தங்கேஸ்வரி குரலை உயர்த்தவில்லை. “அண்ணை, நான் ஆளை உயிரோட குடுத்தனான். சேட்டுப் பொத்தான் போட்டபடி, ரெண்டு காலில நடந்து போன மனுசன். செத்தது எண்டால் அதை ஆளை வாங்கினவை சொல்லட்டும். எப்ப, எங்கை, எப்பிடி எண்டு சொல்லட்டும். அண்டைக்கு நான் அந்தியேட்டி செய்யிறன், பொட்டையும் அழிக்கிறன். அவை வாய் திறக்க முன்னம் நான் செய்தனெண்டால், அவைக்குப் பதில் சொல்லுற வேலை மிச்சம்.”

“அப்ப தாரை வாக்கிறது?”

“நான் வாப்பன்.”

“தனியவோ?”

“ஓம்.”

சகுந்தலா தரையைப் பார்த்தார். பெட்டியை என்ன செய்வது என்று இராசதுரைக்குத் தெரியவில்லை. “இருக்கட்டும் அண்ணை, வைச்சிட்டுப் போங்கோ” என்றாள் தங்கேஸ்வரி. அவர்கள் போன பிறகும் நான் அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவளை அதிகம் நோகடித்தது இராசதுரை இல்லை. அடுத்த வாரம் கூறைச் சட்டை போட்டுப் பார்க்க வந்த மகள்தான். தக்ஷாயினி நல்ல பிள்ளை. ஆனால் அழுதழுது கண் வீங்கி வந்திருந்தாள். “அம்மா, ஒரே ஒரு நாள்தானே. பள்ளிக்கூடத்தில இருந்து இண்டைக்கு வரைக்கும் ஆர் கேட்டாலும் அப்பா ‘சாவ்னெத்’ எண்டுதான் சொல்லிக்கொண்டு திரியிறன்” என்றாள். காணாமல் போனவர் என்பதற்கு நோர்வேக்காரர் சொல்லும் சொல் அது. “சொன்ன உடன எல்லாற்ற முகமும் மாறும். எனக்குக் களைச்சுப் போச்சம்மா. என்ர கலியாணத்திலயாவது அது வேண்டாம். மாமா நிண்டு செய்யட்டுமன்.”

தங்கேஸ்வரி வாயில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். என் சட்டையை வாங்க வந்து அங்கே இருந்த எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை, நான் அப்படிப்பட்டவள்.

“முள்ளிவாய்க்காலில பங்கருக்குள்ள உன்ர தலைமாட்டில ஒரு சிவப்புப் பை இருந்தது. ஞாபகம் இருக்கோ?” என்று கேட்டாள்.

“ஓம். கன்னத்தில குத்தும். மஞ்சளா நூல் கிடந்தது.”

“அது சரிகை. என்ர கூறை.”

தக்ஷாயினி தாயையே பார்த்தாள்.

“வேற ஒரு சாறியும் மிச்சமில்லை. நீ படுக்கிற பக்கம் மட்டும் திறந்து கிடந்தது. கொப்பா வெட்ட விடேல்லை. ‘இது நான் உடுத்திவிட்டது தங்கேஸ், வேண்டாம்’ எண்டார். நான் வெட்டினனான். அவர்தான் பையின்ர வாயை விரிச்சுப் பிடிச்சு, சிரட்டையால மண் அள்ளிப் போட்டவர். அழுதுகொண்டு போட்டவர். ரெண்டு நாளால பக்கத்தில விழுந்த ஷெல்லின்ர துண்டு அந்தப் பைக்குள்ளதான் நிண்டது. நான் ரெண்டு தரம் தைச்சபடியால பை பிரியேல்லை. உன்னைக் காப்பாத்தினது நானும் அவரும் சேந்து. இப்ப உன்னைக் குடுக்கிற நேரம் அவரைச் செத்தவர் எண்டு சொல்லிப் போட்டு நான் கதிரையில இருக்கவோ? என்னால ஏலாது பிள்ளை. நீ கோவிச்சாலும் ஏலாது.”

மகள் கூறைச் சட்டையின் கைத்தையலை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். கழற்றி மடித்து வைத்துவிட்டு, தாயைக் கட்டிப் பிடிக்காமலே போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து என் தலைக்கு மேலே மெஷின் ஓடியது. சத்தம் வழமை மாதிரி இல்லை. டொக், டொக் என்று கட்டை குத்துவது போல இருந்தது. பொறுக்க முடியாமல் மேலே போனேன். மேசை நிறைய அழைப்பிதழ்கள். சட்டைக்கு வெட்டியது போக மிஞ்சிய கூறைத் துணியை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு அழைப்பிதழாக மெஷினுக்குள் விட்டு, ‘காலஞ்சென்ற’ என்ற சொல்லுக்கு மேலே ஒரு சிவப்புத் துண்டை வைத்துத் தைத்தாள். சுற்றிவர ஒரு தையல், அதற்கு மேலே இன்னொரு தையல். துண்டு முடிகிற இடத்தில் ‘திரு. ஜெயரத்தினம்’ என்று பொன் எழுத்துத் தொடங்கியது.

“பேனையால வெட்டிவிட்டிருக்கலாமேயடி” என்றேன்.

“வெட்டினால் பிழை விட்டமாதிரி இருக்கும் அக்கா. அதுவும் அந்த மனுசன் காசு போட்டு அடிச்சது, நான் ஏன் பழுதாக்குவான்?” என்று சொல்லிவிட்டு ஊசியைக் கழற்றினாள். காகிதத்தில் ஓடிய ஊசி துணிக்கு உதவாது. அன்று எத்தனை ஊசியை மாற்றினாளோ தெரியாது. நான் துண்டு நறுக்கிக் கொடுத்தேன்.

பெட்டியில் இருந்த இரண்டு வீட்டு அழைப்பிதழ்களும் அவள் தைத்தபடியே தபாலில் போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு நடந்ததை அவளும் எதிர்பார்க்கவில்லை. அழைப்பிதழ் கிடைத்தவர்கள் எல்லாம் திராமனுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். எங்கள் ஆட்கள் கலியாணத்துக்கு வராமல் விட்டாலும் விடுவார்கள், இப்படி ஒரு விசயத்தை விசாரிக்காமல் விடமாட்டார்கள். பேர்கனிலிருந்து சகுந்தலாவின் தம்பி கேட்டார், ரொறன்ரோவிலிருந்து கேட்டார்கள், யாழ்ப்பாணத்திலிருந்து கேட்டார்கள். “இதென்ன சிவப்புத் துண்டு? புதுப் பாஷனோ?” முதலில் இராசதுரை, “அது அச்சில ஒரு சின்னப் பிழை” என்று மழுப்பிப் பார்த்தார். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், என்ன பிழை என்று. கடைசியில் வட்டுவாகலில் இருந்து தொடங்கிச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பேருந்து, யன்னல், கை காட்டியது, எல்லாம். ஒருவருக்குச் சொல்லி முடித்துத் தொலைபேசியை வைத்தால் அடுத்தவர் எடுப்பார். சொல்லிச் சொல்லியே மனிதருக்கு அது பாடமாகிவிட்டது. “இப்ப இவர் சொல்லேக்கை குரல் தடக்குது” என்று சகுந்தலா ஒருநாள் என்னிடம் சொன்னார்.

ஆனாலும் தாரை வார்ப்பது யார் என்று இரண்டு வீடும் கூடி முடிவெடுக்கவில்லை. நல்லசிவமும் மனைவியும் கனடாவிலிருந்து வந்து இறங்கினார்கள். அவர் தங்கையிடம் கேட்டுப் பார்த்து, பதில் மாறாததைக் கண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பட்டு வேட்டியை மடித்து வைத்துக்கொண்டார். ஜெயரத்தினத்தின் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு வாசலில் வைப்போமா என்று நல்லசிவத்தின் மனைவி கேட்டாள். “மாலை போடுறது செத்தவைக்கு மச்சாள்” என்று தங்கேஸ்வரி ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.

கலியாணம் ஆனி மாதம். மண்டபம் நிறைந்த சனம். புருசெத்தில் எங்கள் மாடிக்காரர் நாலு பேர், பக்கத்து வீட்டு நோர்வேக்காரி யூலியா உட்பட, சாறியில் வந்தார்கள். வழமையாகக் கலியாண வீடுகளில் கடைசி வரிசையில் இருக்கிற பெண்கள் சிலரையும் கண்டேன். அவர்களின் கணவர்மாரும் அதே பாலத்தைக் கடந்தவர்கள். அன்றைக்கு அவர்கள் கொஞ்சம் முன்னே வந்து இருந்தார்கள்.

ஐயர் கூப்பிட்டார். “பெண்ணின்ர தாய் தகப்பன் வாங்கோ.”

நல்லசிவம் பாதி எழும்பினார். தங்கேஸ்வரி திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் பச்சைக் காஞ்சிபுரத்தில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு, மணவறையில் ஏறினாள். நடுவில் நிற்கவில்லை. இடப்பக்கமாக, வலப்பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டு நின்றாள்.

ஐயருக்குச் சங்கடம். இராசதுரையைப் பார்த்தார். மண்டபமே இராசதுரையைப் பார்த்தது. அவருக்கு வேர்த்துவிட்டது. சால்வையால் முகத்தைத் துடைத்தார். “தகப்பன் இருக்கிறார் ஐயா, வரேலாமல் இருக்கிறார். அவற்ற பேரைச் சொல்லி நடத்துங்கோ” என்றார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

ஐயர் ஜெயரத்தினத்தின் பெயரை, அவர் தகப்பனின் பெயரை, பாட்டனின் பெயரை எல்லாம் சொன்னார். தகப்பன் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்க, தாய் செம்பிலிருந்து தண்ணீர் விட வேண்டும். தங்கேஸ்வரி இடக்கையால் மகளின் வலக்கையைத் தூக்கி லதீசனின் கைமேல் வைத்தாள். வலக்கையில் நிறைசெம்பு. பித்தளை, நல்ல பாரம். ஒற்றைக் கையில் சரிக்கும்போது செம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. தண்ணீர் தளும்பி அவள் சாறியில் சிந்தியது. நல்லசிவத்தின் மனைவி ஓடி வரப் பார்த்தாள்.

அதற்கு முன்னம் தக்ஷாயினி தன்னுடைய இடக்கையை எடுத்துச் செம்பின் அடியில் கொடுத்தாள். ஐயர், “பெண் பிடிக்கப்படாது” என்றார். அவள் கையை எடுக்கவில்லை. “நான் அப்பாவுக்குப் பதிலா பிடிக்கிறன் ஐயா. அவர் வரும் வரைக்கும்” என்றாள். தாயும் மகளுமாகச் செம்பைச் சரித்தார்கள். தண்ணீர் நேராக விழுந்தது. தங்கேஸ்வரி அழவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினாள்.

சாப்பாட்டு நேரம் இராசதுரை பந்தி பார்த்துக்கொண்டு திரிந்தார். பேர்கனில் இருந்து வந்த மைத்துனர் வடையைக் கடித்தபடி அவர் காதருகே குனிந்து, “உண்மையைச் சொல்லுங்கோ அத்தான், அந்த மனுசன் முடிஞ்சுதுதானே?” என்று கேட்டார். மெதுவாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டார். அடுத்த மேசையில் இருந்த எனக்கே கேட்டது.

இராசதுரை சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். “அதை என்னட்டக் கேக்காதை. குடுத்தவவிட்டயும் கேக்காதை” என்றார். மண்டபத்துக்கே கேட்கிற சத்தம். “வாங்கினவனிட்டக் கேள்.”

பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பந்திக்குப் போனார்.